பன்னிரண்டு வீட்டு ஃபூர்னியே

பிப்ரவரி 3

ஐயா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மகளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்ட குளிர்பதனப் பொறியாளன் நான்தான். இரண்டு முறை போன் செய்தேன். முதல் முறை "கடையில ஆள் இருக்கு" என்றீர்கள். இரண்டாம் முறை "சொல்ல வேண்டியதை எழுதி அனுப்புங்க, படிச்சுப் பாக்கறேன்" என்று வைத்துவிட்டீர்கள். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பழுது அறிக்கை எழுதித்தான் பழக்கம். அதே வரிசையில் எழுதுகிறேன்: பழுது, காரணம், தீர்வு.

பழுது: நாங்கள் இருவருமே ஃபூர்னியே. ஒரே குடும்பப் பெயர் என்றால் ஒரே ரத்தம், அண்ணன் தங்கை முறை, கல்யாணம் கூடாது என்று நீங்கள் சொன்னதாக உங்கள் மகள் சொன்னாள்.

காரணம்: அந்தப் பெயரைப் பற்றி உங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. (இந்த வரியை மென்மையாக எழுதச் சொன்னாள். இதுதான் என்னால் முடிந்த மென்மை.) ஃபூர்னியே என்பது ஒரு வம்சத்தின் பெயரே இல்லை, தொழிலின் பெயர். பழைய பிரான்சில் ஊருக்கு ஒரு பொது அடுப்பு இருந்தது. அது பிரபுவுக்குச் சொந்தம். வீட்டில் மாவு பிசைந்து எடுத்துக்கொண்டு போய் அந்த அடுப்பில்தான் ரொட்டி சுட வேண்டும், வீட்டில் சுட்டால் குற்றம். அந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டவன் ஃபூர்னியே. ஊருக்கு ஊர் அடுப்பு, ஊருக்கு ஊர் ஃபூர்னியே. வடக்கில் இருந்தவனுக்குத் தெற்கில் இன்னொருவன் இருப்பதே தெரியாது. அதனால்தான் இன்று அந்த நாட்டின் இருபது பெரிய குடும்பப் பெயர்களில் அது ஒன்று. அத்தனை பேரும் அண்ணன் தம்பி என்றால் பாதி நாட்டுக்குப் பெண் கிடைக்காது. இரண்டு கொல்லர்கள் இருந்தால் சொந்தம் என்போமா? எட்டுப் பக்கம் அச்செடுத்து இணைத்திருக்கிறேன்.

தீர்வு: சம்மதம் சொல்லுங்கள்.

பல் டாக்டர் விஷயத்தை நீங்கள் வேறு யார் வழியாகவாவது கேள்விப்படுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அங்கேதான் அவளைப் பார்த்தேன். "ஃபூர்னியே!" என்று கூப்பிட்டார்கள், இரண்டு பேரும் எழுந்தோம், நான் முந்திக்கொண்டேன். உள்ளே டாக்டர் மேஜையில் இருந்த சிகிச்சை அட்டை அவளுடையது. மரத்துப்போக ஊசி போட்டு, கீழ் வரிசையில் வலது கடைசிப் பல்லைப் பிடுங்கிவிட்டார். எனக்கு வலித்தது இடது பக்கம். வெளியே வந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது உங்கள் மகள் சொன்ன முதல் வாக்கியம்: "என் பல்லை நீங்க பிடுங்கிக்கிட்டீங்களே, இப்ப நான் என்ன செய்றது?"

ஒரு வாரத்துக்குள் பதில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
குளிர்பதனக் கிடங்கின் பொறியாளன்


பிப்ரவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு வாரத்தில் பதில் கேட்டிருந்தீர்கள். பதினாறு நாள் ஆகிவிட்டது. வேண்டுமென்றேதான்.

நான் முப்பத்தோரு வருஷமாகக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். கடைக்கு வருகிறவர்களில் இரண்டு வகை. ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு வில்லையாக மாற்றும்போது யோசித்து, "இது கொஞ்சம் தெளிவு, முன்னாடி போட்டது இன்னும் தெளிவு" என்பார். இன்னொருவர் இரண்டாவது வில்லையிலேயே "சரி சரி, இதையே போடுங்க" என்பார். அடுத்த வாரம் தலைவலியோடு திரும்பி வருகிறவர் அவர்தான். நீங்கள் எந்த வகை என்று பல் டாக்டர் கதையிலேயே தெரிந்துவிட்டது. நல்ல பல்லைப் பறிகொடுத்த ஒருவரை நான் இதற்கு முன் பார்த்ததில்லை.

நீங்கள் அனுப்பிய எட்டுப் பக்கத்தையும் படித்தேன். நீங்கள் படித்தீர்களா? ஆறாம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கனடாவில் இருக்கும் ஃபூர்னியேக்களில் கணிசமான பேர், முந்நூறு நானூறு வருஷத்துக்கு முன் கப்பலேறிப் போன ஒரே ஒருவரின் வழி வந்தவர்கள் என்று போட்டிருக்கிறது. ஆக, பிரான்சுக்குள்ளே ஊருக்கு ஒருவராக இருக்கலாம். கடல் தாண்டினால் ஒருவரிலிருந்து ஊரே பெருகவும் செய்யும். நாம் கடலுக்கு எந்தப் பக்கம் இருக்கிறோம், தம்பி?

எங்கள் குடும்பத்தின் கதை வேறு. அடுப்பும் இல்லை, ரொட்டியும் இல்லை. எங்கள் முன்னோர் ஒரு கப்பல் கேப்டன். பிரெஞ்சுக்காரர். இந்தத் துறைமுகத்தில் இறங்கியவர் திரும்பிப் போகவில்லை. இங்கேயே பெண் எடுத்தார். அவர் வழி வந்தவர்கள் நாங்கள். குடும்பச் சின்னம் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறது. நீல நிறத்தில் ஒரு கோபுரம், மேலே மூன்று நட்சத்திரம். கண் பரிசோதனைப் பலகையைப் படிக்க முடியாதவர்கள்கூட அதைப் பார்த்து "அது என்னங்க?" என்று கேட்பார்கள்.

ஆகவே, நீங்களும் அந்தக் கேப்டனின் வழி என்றால், நான் உங்களுக்குச் சித்தப்பா முறை. என் மகள் உங்களுக்குத் தங்கை. இல்லை என்றால் உங்களுக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒன்று. அடுப்புக்காரன் என்று பெயரை வைத்துக்கொண்டு குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்க்கிறீர்களே, அது எப்படி?

ஆசிகளுடன்,
கண்ணாடிக் கடை


பிப்ரவரி 22

ஐயா,

ஆறாம் பக்கத்தை இப்போதுதான் படித்தேன். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் சித்தப்பா என்று கூப்பிட மாட்டேன். அதைக் கையால் எழுதும்போதே உடம்பு கூசுகிறது.

கேப்டன் விஷயம். எந்தக் கப்பல்? எந்த வருஷம்? அவர் பெயர் எந்தக் கப்பலின் ஆள் பட்டியலில் இருக்கிறது? உங்கள் மகளைக் கேட்டேன். "அப்பா சொல்வாரு, அம்மா தலையாட்டுவாங்க, நாங்க கேட்டுக்குவோம்" என்றாள். இதை ஆதாரம் என்று நான் எடுத்துக்கொள்ள முடியாது.

சின்னத்தைப் பற்றி. குலச்சின்னம் ஒரு தனி ஆளுக்கோ ஒரு குறிப்பிட்ட குடும்பத்துக்கோ கொடுக்கப்படுவது. பெயர் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக எல்லாருக்கும் கிடைக்காது. ஆனால் எந்தப் பெயரை எழுதி அனுப்பினாலும் சின்னம் அச்சடித்துக் கொடுக்கிற கம்பெனிகள் இருக்கின்றன. சோதித்துப் பார்த்தேன். எங்கள் கம்ப்ரஸர் ஆபரேட்டரின் பட்டப்பெயர் ஐஸ்கட்டி. அந்தப் பெயரில் ஒரு கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இன்று காலை வந்துவிட்டது. "ஐஸ்கட்டி வம்சத்தின் வீரச் சின்னம்." அதிலும் கோபுரம். அதிலும் மூன்று நட்சத்திரம். நிறம் மட்டும் சிவப்பு. மனிதர் சந்தோஷத்தில் அதைக் கம்ப்ரஸர் அறையில் மாட்டிவிட்டார்.

உங்களுடையதும் இதே வகை. எடுத்துவிடுங்கள், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்.

அடுப்பும் குளிரூட்டியும் பற்றிக் கேட்டீர்கள். இரண்டும் ஒரே வேலைதான். ஒன்று சூட்டை உள்ளே தள்ளுகிறது, மற்றது வெளியே தள்ளுகிறது.

இப்படிக்கு,
பொறியாளன்


பிப்ரவரி 27

தம்பி,

கடிதம் கிடைத்தது.

அந்தச் சட்டத்தை வாரம் ஒரு முறை ஏணி போட்டு ஏறித் துடைப்பது நான் இல்லை. என் மனைவி. உங்கள் கடிதம் அவள் கண்ணில் படாமல் இருக்க அதைக் கடையில் மூக்குத் தாங்கிகள் வைக்கிற டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கிறேன்.

இனி எழுத வேண்டாம்.


மார்ச் 11

ஐயா,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். இது பழுது அறிக்கை இல்லை.

உங்கள் மகள் பன்னிரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. நேற்று அவள் வேலை செய்யும் பேருந்து அலுவலகத்துக்கே போனேன். கால அட்டவணைத் தாளை விரித்து வைத்து, ஸ்கேல் பிடித்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. எதிரே பெஞ்சில் ஒன்றே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் எதற்கும் அவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்ததில்லை. கடைசியில் பென்சிலை வைத்துவிட்டுக் கேட்டாள்:

"அந்தப் படத்தை எங்கப்பா யாருக்காக மாட்டினாருன்னு ஒரு தடவையாவது யோசிச்சியா?"

"உண்மையைத்தானே சொன்னேன்."

"உண்மைதான். நீ சொன்னா அது சுத்தியல் மாதிரி விழுது. பல்லு போனதே உனக்குப் பத்தலையா?"

நான் தப்பு செய்துவிட்டேன். சின்னத்தைப் பற்றிய தகவல் சரி. "பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்" என்று எழுதியது தப்பு. உங்கள் வீட்டில் ஒருவர் ஏணி ஏறித் துடைக்கிற பொருளைப் பற்றி நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது. மன்னித்துவிடுங்கள்.

வரும் வாரம் ஐந்து நாள் விடுப்பு எடுத்திருக்கிறேன். துறைமுகத்துப் பழைய பதிவுக்கூடத்துக்குப் போகிறேன். என் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. எனக்கே தெரியாது. என்னுடையதை மட்டும் தேடப்போகிறேன்.

இப்படிக்கு,
பொறியாளன்


மார்ச் 21

ஐயா,

கண்டுபிடித்துவிட்டேன். எப்படிக் கிடைத்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன், அவசரப்படாமல்.

பதிவுக்கூடத்தில் பேனா உள்ளே விடமாட்டார்கள், பென்சில்தான். கைப்பையை வெளியே வைத்துவிட வேண்டும். காப்பாளர் ஒல்லியான மனிதர், இரண்டு கண்ணாடி வைத்திருக்கிறார், ஒன்று மூக்கில், ஒன்று நெற்றியில். எதைக் கேட்டாலும் முதலில் "இருக்காது" என்பார். பிறகு தள்ளுவண்டியில் கொண்டுவந்து வைப்பார். மூன்று நாள் வேறு வேறு வருஷங்களைப் புரட்டினேன். நான்காம் நாள் மதியம் அந்தப் பக்கம் வந்தது.

பிரெஞ்சு நிர்வாகம் குடும்பப் பெயர் பதிந்துகொள்ளச் சொன்ன காலத்துப் புத்தகம். ஒரே பக்கத்தில் பன்னிரண்டு வரி. பன்னிரண்டிலும் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் ஃபூர்னியே, ஃபூர்னியே என்று மேலிருந்து கீழ் வரை. ஒரே நாள், ஒரே கையெழுத்து.

முதல் வரியில் இருப்பவர் சுண்ணாம்புக் காளவாய் வைத்திருந்தவர். எழுத்தர் அவர் தொழிலைக் கேட்டு, தன் மொழியில் அதற்குப் பக்கத்தில் வரும் பெயரைப் போட்டிருக்கிறார். சூளைக்காரர், அடுப்புக்காரர், அவருக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டாவது வரி என் முன்னோர். அப்பாவின் பக்கம் சொல்லி வந்த பெயரும், தெருவும், அவர் மனைவி பெயரும் பொருந்துகின்றன. சந்தேகமே இல்லை. தொழில்: படகுப் பலகைகளின் இடுக்கில் நார் அடைப்பவர். ஓரத்தில் எழுத்தர் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். காப்பாளர் படித்துச் சொன்னார்: "பெயர் யோசிக்க இவருக்கு விருப்பமில்லை. முன்னால் நிற்பவருக்குப் போட்டதையே தனக்கும் போடச் சொல்கிறார்."

படித்துவிட்டுக் காப்பாளர் மூக்கிலிருந்த கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "உங்களுக்கும் இப்படித்தானா?" என்றார். நான்கு நாளாக என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் அல்லவா.

ஆக, என் வீட்டில் அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் வம்சம் இல்லை, அடுப்பு இல்லை. வரிசையில் நின்ற ஒருவருக்கு வீட்டுக்குப் போக அவசரம். அவ்வளவுதான். கேப்டன் யாரும் எங்கள் பக்கம் இல்லை. எனவே உங்கள் மகள் எனக்குத் தங்கை முறை ஆக வழியே இல்லை.

மூன்றாவது வரியிலிருந்து கீழே நான் படிக்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மூடிவிட்டேன். "அதுல என்ன பயம்? பாருங்க தம்பி" என்று காப்பாளர் சிரித்தார். பயம் இல்லை. என்னுடையதை மட்டும் தேடுவேன் என்று உங்களுக்கு எழுதியிருந்தேன். பென்சிலால் நகல் எடுத்ததும் மேல் இரண்டு வரி மட்டும்தான். இணைத்திருக்கிறேன்.

உங்கள் கேப்டன் இருந்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இப்போது இல்லை.

இப்படிக்கு,
பொறியாளன்

(உங்கள் மகள் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு இடத்தில் "பரவாயில்லை" என்றாள்.)


மார்ச் 30

அன்புள்ள தம்பிக்கு,

இதை வீட்டில் உட்கார்ந்து எழுதவில்லை. கடையில், வாடிக்கையாளர் இல்லாத மதிய நேரத்தில், வில்லைகளின் விளிம்பைத் தேய்க்கிற சக்கரத்தை ஓடவிட்டு, வேலை நடப்பது போல் சத்தம் வரவைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நீங்கள் தாளால் மூடிய பகுதியில் நான்காவது வரி எங்களுடையது.

எனக்கு அது இருபத்தாறு வயதிலேயே தெரியும். வேறு ஒரு சான்றிதழுக்காக அங்கே போனபோது அதே பக்கத்தைப் பார்த்தேன். அப்போது வேறு காப்பாளர். எங்கள் முன்னோர் தெருவிளக்கு ஏற்றியவர். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத் தெருவாகப் போகிற வேலை. அவர் வரியின் ஓரத்திலும் ஒரு குறிப்பு உண்டு: "விளக்கேற்றும் நேரமாகிவிட்டது என்கிறார். அதே பெயர்." ஆக, உங்கள் வீட்டுக்காரர் மட்டும் அவசரக்காரர் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

கேப்டன் எங்கிருந்து வந்தார் என்று கேட்பீர்கள். நான் பெண் கேட்கப் போன வீட்டில் பிறந்தார்.

என் மாமனார் பெரிய மிடுக்கான மனிதர். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, "இது என்னய்யா வெள்ளைக்காரன் பேரு? எப்படி வந்துச்சு?" என்று கேட்டார். கதவுக்குப் பின்னால் அவள் நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும், புடவை ஓரம் தெரிந்தது. வரிசையில் நின்று, முன்னால் இருப்பவருடைய பெயரையே எனக்கும் போடுங்கள் என்று சொல்லி வாங்கிய பெயர் என்று அந்த இடத்தில் எப்படிச் சொல்வது? வாயில் "கேப்டன்" என்று வந்துவிட்டது. சொன்ன பிறகு கேப்டனுக்குக் கப்பல் தேவைப்பட்டது, கப்பலுக்குப் பாய் தேவைப்பட்டது. அன்று எழுந்து வரும்போது கேப்டனுக்குத் தாடிகூட முளைத்திருந்தது.

கல்யாணம் நடந்தது. பொய்யை மெதுவாக இறக்கி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். அவளோ அதைத் தன் தங்கைகள் மூன்று பேருக்கும் சொல்லிவிட்டாள். அவர்கள் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். எங்கள் பத்தாவது கல்யாண நாளுக்கு அந்தச் சின்னத்தை வரவழைத்து எனக்குப் பரிசாகக் கொடுத்ததும் அவள்தான். என்ன செய்யச் சொல்கிறீர்கள்? மாட்டினேன்.

இப்போது புரிகிறதா? உங்கள் மேல் எனக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லை. அவசரக்காரர், சரி. ஆனால் ஒரே பெயர் என்பதை அவள்தான் பிடித்துக்கொண்டிருக்கிறாள். "கேப்டன் வம்சம்னா அண்ணன் முறை. இல்லேன்னா யாரோ நம்ம பேரை எடுத்துக்கிட்டவங்க. ரெண்டுல எதுக்கு என் பொண்ணைக் கொடுக்கறது?" என்கிறாள். வேறு வேறு குடும்பம்தான் என்று சொல்ல வேண்டுமானால், எனக்கு எப்படித் தெரியும் என்றும் சொல்ல வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

ஒரு உதவி. நீங்கள் அவளுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பதிவுக்கூடத்தில் தேடினீர்கள், உங்கள் ஃபூர்னியே வரிசையில் நின்றவர், எங்கள் ஃபூர்னியே தனிப் புத்தகத்தில் கேப்டன் என்று இருக்கிறார் என்று இரண்டு வரி. பொறியாளர் எழுதினால் நம்புவாள். கல்யாணத்துக்கு நாள் பார்க்கலாம்.

அன்புடன்,
கண்ணாடிக் கடை


ஏப்ரல் 3

மாமா,

இப்படி எழுதியது பிடிக்காவிட்டால் அடித்துவிட்டு மேலே படியுங்கள்.

அந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். உண்மையாகவே உட்கார்ந்தேன். கிடங்கில் மூன்றாம் அறையின் ஆவியாக்கிக் குழாயில் பனி ஏறிக்கொண்டிருந்தது, அதைக்கூட ஐஸ்கட்டியிடம் விட்டுவிட்டு வந்தேன். "மதிப்பிற்குரிய அத்தைக்கு" என்று எழுதினேன். அடுத்த வரி வரவில்லை. இரண்டு வரி பொய் சொன்னால் கல்யாணம். எனக்கு அது எவ்வளவு வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாது. இருந்தும் வரவில்லை.

நல்லவன் என்பதால் இல்லை. எனக்குப் பொய் சொல்ல வராது. இன்று எழுதிக் கொடுத்துவிடுவேன். ஆறு மாதம் கழித்து ஒரு விசேஷத்தில் யாராவது "எந்தப் புத்தகம், எந்தப் பக்கம்?" என்று கேட்டால், பக்க எண்ணோடு உண்மையைச் சொல்லிவிடுவேன். அப்போது உங்கள் கதி என்ன? அத்தையின் மூன்று தங்கைகளுக்கு நடுவில்?

நீங்களே சொல்லிவிடுங்கள். அத்தை உங்களைக் கேப்டனுக்காகக் கட்டிக்கொண்டார்கள் என்றால் முப்பது வருஷம் இருந்திருக்க மாட்டார்கள். பிரபுவின் அடுப்பு மாதிரி ஒரே இடத்தில்தான் சுட வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் கட்டளை போடவில்லையே.

நான் இது விஷயமாக உங்கள் மகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அப்பா என்ன எழுதினாரு?" என்று மூன்று முறை கேட்டாள். "கண்ணாடி பத்தி" என்றேன். நம்பவில்லை. இதற்கு மேல் என்னால் தாங்க முடியாது, சீக்கிரம் செய்யுங்கள்.

மருமகனாக விரும்பும்,
பொறியாளன்


ஏப்ரல் 20

அன்புள்ள மருமகனுக்கு,

அடிக்கவில்லை. அந்த வார்த்தையைத் தொடாமல் அப்படியே படித்தேன்.

சொல்லிவிட்டேன். எப்படி என்று கேட்காதீர்கள். துணி மடித்துக்கொண்டிருந்தாள், எதிர்ப் பக்கம் படுக்கை விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கையில் ஏதாவது இருந்தால்தான் என்னால் பேச முடியும். கேப்டன் இல்லை என்றேன். வரிசை என்றேன். நான்காவது வரி, விளக்கு, ஏணி, எல்லாம். அவள் முனையை விட்டுவிட்டாள். விரிப்பு தரையில் விழுந்தது.

"அப்ப அந்தத் தாடி?" என்றாள்.

"அதுவும் நான்தான்."

அதற்குப் பிறகு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் கிளம்பித் தயாராக வந்து நின்றாள். கையில் குடை, தோளில் பை. "எங்க?" என்றேன். "நீங்க முப்பது வருஷம் சொன்னதை நான் கேட்டேன். இனி நானே போய்ப் பாத்துக்கறேன்" என்றாள். மகளையும் கூட்டிக்கொண்டு பதிவுக்கூடத்துக்குப் போய்விட்டாள். கடையைத் திறந்தேன், ஆனால் வேலை ஓடவில்லை. ஒருவருக்கு இடது கண்ணாடியை வலது பக்கம் மாட்டிக் கொடுத்தேன். அவர் போட்டுப் பார்த்து, "எல்லாம் சாயுதுங்க" என்றார். "எனக்கும்தான்" என்றேன்.

மாலையில் திரும்பி வந்தார்கள். மகள் முகத்தில் சிரிப்பை அடக்குகிற மாதிரி ஒரு இறுக்கம். உங்கள் காப்பாளர் "இருக்காது" என்றாராம். என் மனைவி, "அப்ப கிடைக்கற வரைக்கும் உக்காந்திருக்கேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாளாம். அரை மணியில் பக்கம் வந்துவிட்டது. அவள் அதோடு விடவில்லை. விளக்கு ஏற்றினார் என்றால் எத்தனை விளக்கு, எந்தத் தெரு என்று கேட்டிருக்கிறாள். வேறு ஒரு புத்தகத்தில் அதுவும் இருந்திருக்கிறது. துறைமுகத்தைச் சுற்றி எட்டுத் தெரு. எழுபத்து நான்கு விளக்கு. இருபத்திரண்டு வருஷம். எந்த நாளும் விடுப்பு இல்லை.

"எழுபத்து நாலு" என்று என்னிடம் சொன்னாள். கைப்பையைக்கூட இறக்கவில்லை. "ஏறி எறங்கியிருக்காரு. எழுபத்து நாலு தடவை. தினமும். இப்படி ஒரு மனுஷனை வெச்சுக்கிட்டு எதுக்குங்க கேப்டன்?"

 நேற்று அவள் பெரிய தங்கையோடு போனில் பேசுவதைக் கேட்டேன். "கேப்டன் கதையெல்லாம் தப்புடி, நான் நேரா போய் ரெக்கார்டு பாத்துட்டு வந்தேன். இவங்க வீட்டுப் பெரியவர் நகர விளக்குத் துறையில இருந்திருக்காரு. எட்டுத் தெரு அவரு பொறுப்புல." கொஞ்ச நேரம் எதிர்ப் பக்கம் ஏதோ சொன்னது. "ஆமா, அரசாங்க வேலைதான்" என்றாள். கேப்டனைச் சொன்னபோதுகூட அவள் குரலில் இவ்வளவு மிடுக்கு இருந்ததில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சம்மதம். அவளே சொன்னாள்: "ரெண்டாவது வரி வேற, நாலாவது வரி வேற. நானே ரெண்டு கண்ணால பாத்தேன். இதுல என்ன அண்ணன் தங்கை?" ஏதோ நான்தான் இத்தனை நாள் மறுத்துக்கொண்டிருந்த மாதிரி என்னைப் பார்த்தாள். வாங்கிக்கொண்டேன்.

வரும் ஞாயிறு பதினொரு மணிக்கு வீட்டுக்கு வாருங்கள். மூன்று தங்கைகளும் வருகிறார்கள், மாப்பிள்ளையைப் பார்க்க. ஒரே ஒரு எச்சரிக்கை. உங்கள் முன்னோர் படகில் நார் அடைத்தவர் என்று நீங்கள் எனக்கு எழுதியிருந்தீர்கள். அவள் அவரை ஏற்கனவே கப்பல் கட்டும் துறையில் சேர்த்துவிட்டாள். இரண்டாவது தங்கையிடம் பேசும்போது "தலைமை" என்று ஒரு வார்த்தையும் காதில் விழுந்தது. தயவுசெய்து அன்று ஒரு நாள் மட்டும் வாயைத் திறக்காமல் இருங்கள்.

அன்புடன்,
மாமா


ஏப்ரல் 23

மாமா,

ஞாயிறு பதினொரு மணி. பத்து மணிக்கே ஊருக்கு வந்துவிடுவேன், தெருமுனையில் நிற்பேன், பதினொன்றுக்குத்தான் கதவைத் தட்டுவேன். பேருந்து நேரத்தை உங்கள் மகள்தான் பார்த்துச் சொன்னாள். அந்த அட்டவணையைப் போட்டதே அவள்தான், தப்பாக இருக்காது.

அவளிடம் இப்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது, பதிவுக்கூடத்தில் பாதி நேரம் அத்தையின் குடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவள் அவள்தானே. "நீ மூணு வாரம் வாயை மூடிக்கிட்டு இருந்தியா? நீயா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு ஞாயிற்றுக்கிழமைக்கு நீலச் சட்டை போட்டு வரச் சொன்னாள்.

கப்பல் கட்டும் துறை பற்றி. அப்படி என்று நானாகச் சொல்ல மாட்டேன். அத்தை சொல்லும்போது குறுக்கே பேசவும் மாட்டேன், சத்தியம். ஆனால் தங்கைகளில் யாராவது என்னை நேராகப் பார்த்து, "உங்க பெரியவர் என்ன வேலை பாத்தாரு தம்பி?" என்று கேட்டால், நார் அடைத்தார் என்றுதான் சொல்வேன். வேறு எதுவும் வாயில் வராது.

கேட்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

மருமகன்